இரண்டு முடிச்சு

ரண்டர்ஸ் நகரின் ஆற்றங்கரையில் வாடகை வள்ளத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, அப்பா என் மகளிடம், "இறுக்கிக் கட்டு பிள்ளை, ரெண்டு முடிச்சுப் போடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொரு வயதில் எனக்கும் இதைத்தான் சொன்னார். இங்கிலாந்தில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, கால்வாய்ப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுத்திருந்தார். பஸ்போல நீண்டு ஒடுங்கிய அந்தப் படகுக்குள் டீசல் மணமும் அம்மா பொரித்த மிளகாய் மணமும் சேர்ந்தே கிடந்தன. லொக் என்ற பெரிய தொட்டிக்குள் படகை விட்டு, கதவை மூடி, உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே திறந்துவிட்டால் படகு மெல்லக் கீழிறங்கும். கயிற்றைக் கட்டாமல் கையில் பிடித்துத் தளர்த்த வேண்டும் என்று மாமா படித்துப் படித்துச் சொன்னார்.

"மயிலிட்டிக் கடலிலை வளந்த எனக்கோ மச்சான் பழக்கிறாய்?" என்றார் அப்பா. மாமா கதவடிக்குப் போனதும் என்னைக் கட்டச் சொன்னார். கரையிலிருந்த இரும்புக் கட்டையில் கட்டினேன்.

தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. கயிற்றில் தொங்கிச் சரிந்தது. அடுப்பிலிருந்த குழம்பு அம்மாவின் காலில் கொட்டியது. மாமா ஓடிவந்து கயிற்றை வெட்டினார்.

"ஆர் கட்டினது?"

அப்பா என்னைக் காட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்று முடியவில்லை. "அண்டைக்கும் நீங்கள்தானே அப்பா கட்டச் சொன்னது?"

அவர் முடிச்சைப் பார்த்தபடியே, "ஓம், தெரியும்" என்றார்.

தழும்புக் காலோடு செத்துப்போன அம்மாவுக்குத்தான் கடைசிவரை தெரியாது.