பனவடலிசத்திரத்தில் நிற்காத எக்ஸ்பிரஸ்

நேற்று சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ்ஸைப் பார்த்தேன். முன்கண்ணாடியில் எக்ஸ்பிரஸ், பின்கண்ணாடியில் சூப்பர் எக்ஸ்பிரஸ். பஸ்ஸின் பின்பாதி மட்டும் கொஞ்சம் கூடுதல் வேகம் போலிருக்கிறது. கண்டக்டர் படியில் நின்று, இடையில் இறங்கும் ஊர்க்காரர்களை, காயப்போட்ட நெல்லில் வாய்வைக்கும் கோழிகளை விரட்டுவதுபோல ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

தலைப்புக்குச் சொல் தேடி அகராதி புரட்டும் கெட்ட பழக்கம் எனக்குச் செய்தியாளனான புதிதிலேயே உண்டு. எக்ஸ்பிரஸ் என்றால் இலத்தீனில் பிழிந்து வெளியே எடுப்பது. பிழிந்தெடுத்தால் தெளிவு கிடைக்கும். அதனால் ஆங்கிலத்தில் அது 'ஐயத்துக்கு இடமின்றி, இதற்கென்றே' என்ற பொருளுக்கு வந்தது. ஒரு காரியத்துக்கென்றே அனுப்பிய தூதன் எக்ஸ்பிரஸ். அப்படி விட்ட ரயிலும் எக்ஸ்பிரஸ். அப்படிப் போகிறவன் வழியில் நிற்கமாட்டான் என்பதால், வேகம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நம் ஊருக்கு ஒட்டிக்கொண்டது மட்டும்தான் வந்து சேர்ந்தது.

அப்போதெல்லாம் சங்கரன்கோவிலிலிருந்து எங்கள் செய்திகள் திருநெல்வேலி பத்திரிகை அலுவலகத்துக்கு பஸ்ஸில்தான் போகும். பசை காயாத கவரை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகிவிடுவோம். ஒருநாள் பிரமுகர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திய படம். தாமதமாகக் கூடாதென்று என்னையே கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு பொன்னாடையின் தூதனாக நான் எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் பனவடலிசத்திரத்து ஆட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்தார். கையில் மாட்டாஸ்பத்திரி மருந்து. மழையில்லாமல் வாடிய சோளப்பயிரை அவருடைய ஆடுகள் மேய்ந்துவிட்டன. வாடிய சோளம் ஆட்டுக்கு விஷம்.

"சத்திரமா? இது எக்ஸ்பிரஸ்வே. பொறத்தால டவுன் பஸ்சு வருது, அதுல வாரும்" என்றார் கண்டக்டர்.

"திருநவேலி டிக்கெட்டே போடுங்க அண்ணாச்சி. சத்திரத்துல குதிச்சிக்கிடுதேன். ஆடெல்லாம் சாஞ்சி கெடக்கு."

"டிக்கெட்டு போடலாம்வே, நிறுத்த முடியாதுல்லா. திருநவேலி வரைக்கும் போயி, ஊரைச் சுத்திப் பாத்துட்டுத் திரும்பி வாரும்."

உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். "நேரமாச்சு, ரைட் குடுப்பா" என்றார் மூன்றாமவர். அவரை ஏற்றாமல், காலி சீட்டுகளோடு பஸ் கிளம்பியது.

பனவடலிசத்திரத்தில் பஸ் நின்றது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி, ஆளுக்கொரு வடையோடு நிதானமாக டீ குடித்தார்கள். ஜன்னல் வழியே கேட்டேன், "இங்கன ஸ்டாப்பிங் இல்லன்னு சொன்னீங்களே?"

"இது ஸ்டாப்பிங் இல்ல சார், டீ."

அவர் கேலி செய்யவில்லை. விதியைத்தான் சொன்னார். அந்த வழித்தடத்தில் எல்லா எக்ஸ்பிரஸ்காரர்களுக்கும் அதுதான் விதி. பொன்னாடை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மூன்றாம் பக்கத்தில் பெருவிரல் அகலத்துக்கு வந்தது. பிரமுகரின் முகமே தெரியவில்லை.

அடுத்த வாரம் சந்தையில் ஆட்டுக்காரரைப் பார்த்தேன். மருந்து போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன்.

"மருந்து வந்துட்டு அண்ணாச்சி. குடிக்கதுக்கு ஆடுதான் இல்ல."

பிழைத்த நான்கைந்தையும் அன்றைக்கே அந்தச் சந்தையில் விற்றுவிட்டார். பிறகு திருப்பூரில் ஏதோ கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சத்திரத்தைத் தாண்டும்போது அவர் ஆட்டுக்கிடை போட்டிருந்த கரிசல் காட்டைப் பார்ப்பேன். காற்றாலை சுற்றுகிறது. தரையில் ஒரு புழுக்கை கிடையாது.