ஃபுல் போட்டாச்சுங்கக்கா

எங்கள் மலையில் கார் இன்சூரன்ஸ் இரண்டே வகை. ஃபுல் என்றால் நம் வண்டிக்கும் சேர்த்து. தேர்டு பார்ட்டி என்றால் நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்கு மட்டும். அருவங்காடு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன், ஏமாற்றியவன் கூடப்பிறந்த தம்பி என்பதால்.

மகளுக்கு வீசிங். மழைக்காலம் வந்தால் இழுப்பு அதிகமாகும், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கியாக வேண்டும். பஸ்ஸில் மூச்சும் திணறி, வளைவுக்கு வளைவு வாந்தியும் எடுப்பாள். அவளுக்காகத்தான் நானும் வீட்டுக்காரரும் ஒரு பழைய கார் வாங்கினோம்.

தம்பி மேட்டுப்பாளையத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். "ஃபுல்லே போட்டுரு கண்ணு. இங்க மரம் உழுகும், மண்ணு சரியும்" என்று போனில் சொன்னேன். அடுத்த வாரம் அவனே கூப்பிட்டான். "ஃபுல் போட்டாச்சுங்கக்கா. நீங்க நிம்மதியா ஓட்டுங்க."

பேப்பரைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். தம்பி கொடுத்த தாளை எவளாவது எழுத்துக்கூட்டிப் படிப்பாளா? கவரைக்கூடப் பிரிக்காமல் வண்டியில் வைத்தேன்.

ஆடிக் காற்றில் குவார்ட்டர்ஸ் ஓரத்துக் கற்பூர மரம் காரின் மேல் சாய்ந்தது. கூரை சீட்டுவரை இறங்கிவிட்டது. அழுத மகளிடம், "உங்க மாமா ஃபுல் போட்டிருக்காரு சாமி, சரி பண்ணிக் குடுப்பாங்க" என்று சொன்னவள் நான்தான். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்த பெண் தாளைப் பார்த்துவிட்டு, "இது வெறும் தேர்டு பார்ட்டிங்க. உங்க வண்டிக்கு ஒண்ணும் வராதுங்க" என்றாள்.

தம்பியை வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தவன், "வருசம் ஃபுல்லா இருக்குதுன்னுதானுங்கக்கா சொன்னேன்" என்றான். என்னிடமே வார்த்தையைப் புரட்டுகிறான்! விடாமல் கேட்டதும் உண்மை வந்தது. காரை விற்றவர் பழைய இன்சூரன்ஸைக் காலாவதியாக விட்டிருந்தார். அதனால் ஃபுல் போடுவதற்கு முன் கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்க்க வேண்டும். ஆளைக் கூட்டிக்கொண்டு மலையேற இவனுக்குச் சோம்பல்.

"டூரிஸ்ட் சீசன் டிராஃபிக்குங்கக்கா. உங்க வண்டியும் சும்மா நிக்கறதுதானுங்களே ஜாஸ்தி."

'முடியலீங்கக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஏஜெண்டைப் பார்த்திருப்பேன். கையாலாகாதவனை மன்னிக்கலாம். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவனை என்ன செய்வது?

"கோத்தகிரியில உன்ற மாமனார் காருக்கு எதுடா போட்டே?"

"ஃபுல்லுதானுங்கக்கா" என்று காபி டம்ளரைப் பார்த்துச் சொன்னான்.

"அந்த மலை மட்டும் ஏற முடிஞ்சுதா?"

மாமன் குரல் கேட்டு மகள் உள்ளேயிருந்து வந்தாள். ஸ்வெட்டரின் மேல் சால்வை, அப்படியும் நெஞ்சு உய்ங் உய்ங்கென்று இழுத்தது. அவன் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து, "மாமா, நம்ம காரு எப்ப ரெடியாகும்?" என்று கேட்டாள்.

தம்பி என்னைப் பார்த்தான்.

"அவ உன்னையத்தான் கேக்கறா" என்றேன்.