பஞ்சப் படமும் இரவல் அட்டிகையும்

சென்னம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று திருப்பூர் மண்ணரையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே சொல்வாள். ஆனால் வாழ்நாள் முழுக்க அவள் சொன்னது ஒரே பொய்தான். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

அவள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையிலேயே, தெருப்பக்கத்து அறையில் நான் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். காதுகுத்து, சீர், கட்சிக் கூட்டம் என்று எதற்கும் கந்தவேல் டெக் வர வேண்டும். எனக்கும் சென்னம்மாளுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்த வீட்டில் தும்மினால் எனக்குக் கேட்கும்.

வெள்ளகோவில் பக்கத்துக் காட்டு வேலைக்காரக் குடும்பம் அவளுடையது. மழை இல்லாத ஒரு வருஷம், எண்பதுகளின் தொடக்கத்தில், புருஷன் மயில்சாமியோடும் சின்னக் குழந்தை ரங்காத்தாளோடும் திருப்பூருக்கு வந்து சேர்ந்தாள். பனியன் கம்பெனியில் கைமடி வேலை. டெய்லர் தைப்பதற்கு முன்னால் துணியின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க அதே வேலை. ராத்திரி சோற்றில் கை வைத்தாலும் விரல் தானாக மடங்கும் என்று சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சிரிப்பு நின்றது. நூல் விலை ஏறியது, வெளிநாட்டு ஆர்டர் வரவில்லை, கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. மயில்சாமி காங்கேயத்துக்குத் தேங்காய்க் களத்து வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். படம் பார்க்கவும் ஆளில்லாமல் என் டெக் தூசி தின்றது.

சென்னம்மாள் வீட்டு அடுப்பு மட்டும் ஒரு நாளும் அணையவில்லை. காலையில் கட்டிங் வேஸ்ட் துணியைப் போட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். புகை கூரைக்கு மேலே போகும். சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். ஆனால் அரிசி களையும் சத்தம் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. புகை ஊருக்காக என்பது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது? என் வீட்டு நிலைமையும் அப்படித்தான்.

அவள் ஊருக்குப் பயந்ததில் காரணம் இருந்தது. ரங்காத்தாளுக்கு வெள்ளகோவிலில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சாமியாத்தாள் நகை விஷயத்தில் கறார். "கம்பெனி மறுபடி ஓடட்டுமுங்க, பேசுன நகையப் போட்டுத்தான் அனுப்புவேன்" என்று சென்னம்மாள் தவணை கேட்டிருந்தாள். அந்தச் சம்பந்தம் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது அவளுக்கு உயிர்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு படக்காரர் வந்தார். தொழில் படுத்துக் கிடக்கும் ஊரில் சாதாரண ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று படம் எடுக்கிறாராம். டெக் கடைக்காரன் என்பதால் என்னிடம் வந்து, நல்ல கஷ்டத்தில் இருக்கும் வீடாகக் காட்டச் சொன்னார். நல்ல மாடு வேண்டும் என்று கேட்கிற மாதிரி கேட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் சென்னம்மாள் வீட்டைச் சொன்னேன். அவள் பாடு வெளியே தெரிந்தால் யாராவது உதவ மாட்டார்களா என்ற நினைப்பு.

கேமரா வருகிறது என்று அவளிடம் சொன்னேன். எதற்கு வருகிறது என்றும் சொன்னேன். ஆனால் எங்கள் பக்கத்தில் கேமரா எதற்கு வரும்? கல்யாணத்துக்கு வரும், சீருக்கு வரும். அதற்கென்று நிற்கிற விதம் ஒன்று இருக்கிறது. மறுநாள் படக்காரரோடு உள்ளே நுழைந்தவன் திகைத்துப் போனேன். சென்னம்மாள் உடம்பில் முகூர்த்தப் பட்டு, தலை நிறைய கனகாம்பரம், கழுத்தை நிறைத்து ஓர் அட்டிகை! அது லைன் வீட்டுச் சொந்தக்காரர் ஆத்தப்பன் சம்சாரம் நல்லம்மாளுடையது. "எங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாது, சத்தியம் பண்ணு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு இரவல் கொடுத்திருக்கிறாள். சுவர் வழியாக அதுவும் கேட்டிருந்தது.

"அம்மா, எப்பவும் போல இருங்க" என்றார் படக்காரர்.

"இப்பிடித்தானுங்க இருப்போம்."

"வேலை இல்லாம கஷ்டமா இல்லையா?"

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

அன்றைக்கு அடுப்பில் நிஜமாகவே அரிசியும் பருப்பும் வெந்துகொண்டிருந்தது. கடையில் கெஞ்சி வாங்கியது. படம் எடுத்து முடித்ததும், "வந்தவங்க சாப்புடாமப் போனா நல்லா இருக்காதுங்க" என்று இலை போட்டுவிட்டாள். நான் வயிறு சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். படக்காரர் ருசித்துச் சாப்பிட்டார். "பிரமாதம்மா, இன்னும் கொஞ்சம்" என்றார். ரங்காத்தாள் சட்டியைச் சுரண்டுகிற சத்தத்தில் எனக்கு உடம்பு கூசியது. அன்று தாயும் மகளும் பச்சைத் தண்ணீர் குடித்துப் படுத்தார்கள்.

சில மாதம் கழித்துக் கேசட் வந்தது. படத்தில் வந்துவிட்டோம் என்று சென்னம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத் தெரியாமல் வெள்ளகோவிலுக்குச் சொல்லி அனுப்பிச் சம்பந்தி அம்மாளையே வரவழைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆத்தப்பன் வீட்டுக் கூடத்தில் டெக்கை வைத்தேன். பூட்டிய கம்பெனிக் கதவுகள், துருப்பிடித்த மிஷின்கள், வேலை தேடி உட்கார்ந்திருந்த ஆட்கள். தெரிந்த முகம் வரும்போதெல்லாம் கூடம் உச்சுக் கொட்டியது. கடைசியில் சென்னம்மாள் வந்தாள், பட்டும் அட்டிகையுமாகச் சோறு கிண்டிக்கொண்டு. படத்தின் பின்னணியில் ஒரு குரல் சொன்னது: "இந்தச் சரிவு எல்லா வீடுகளையும் ஒன்றுபோல் பாதிக்கவில்லை."

படுபாவி! அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டான்.

சாமியாத்தாள் திரும்பினாள். குரலில் தேன். "ஏனுங்க சம்மந்தி, கழுத்து நெறையக் கெடக்குதுங்களே. எங்ககிட்ட மட்டும் பஞ்சப் பாட்டுங்களா?"

இரவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சென்னம்மாள் வாயைத் திறக்கவில்லை. நல்லம்மாள் அங்கேதான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆத்தப்பன். திரையில் தன் வீட்டு அட்டிகை மின்னுவது அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை. பெண்டாட்டி கழுத்தைப் பார்த்து எத்தனை காலமோ!

"ஆர்டர் வருட்டும், கம்பெனி ஓடட்டும்னு எங்கள ஏமாத்தியிருக்கறீங்க" என்று சாமியாத்தாள் எழுந்தாள்.

ரங்காத்தாள் குறுக்கே வந்து நின்றாள். அவள் உரக்கப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "அது இரவல் நகைங்க. யாருதுன்னு கேக்காதீங்க. அந்தச் சோத்தையும் படம் எடுத்தவங்கதான் தின்னாங்க. நாங்க சாப்புடுல. தெனமும் எங்கம்மா வெறுந் தண்ணியத்தான் கொதிக்க வெச்சுது."

இனியாவது இரக்கம் பிறக்கும் என்று நினைத்தேன். சாமியாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பக் கல்யாணத்துக்கும் இரவல்தானுங்களா?"

அதோடு போனவள்தான். நகை இருந்தால் ஏமாற்றுக்காரி, இல்லாவிட்டால் ஒன்றுமில்லாதவள். எந்தப் பக்கம் போனாலும் சென்னம்மாளுக்கு வாசல் இல்லாமல் செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பல நாள் சென்னம்மாள் வீட்டில் காலைப் புகை எழவில்லை. கம்பெனி திறந்து, அரிசி வாங்கிய அன்றைக்குத்தான் அடுப்பு மூட்டினாள்.

ரங்காத்தாளும் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அதே கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த மருதாசலம், நகையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், அவளைக் கேட்டு வந்தான். கோயிலில் தாலி, லைன் வீட்டு வாசலில் சாப்பாடு. அதற்குள் நான் வீடியோ கேமரா வாங்கியிருந்தேன். கல்யாணத்தன்று நல்லம்மாள் அட்டிகையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். சென்னம்மாள் தொடவில்லை. தன் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் தெரிய வந்து நின்று, பழைய படக் கேசட்டை என் கையில் கொடுத்தாள்.

"புதுசு வேண்டாம் தம்பி. இதுமேலயே ஏத்துங்க. அது அழியோணும்."

அவள் சொன்னபடியே ஏற்றினேன். மறுவாரம் அவள் வீட்டில் போட்டுக் காட்டினேன். ரங்காத்தாளும் மருதாசலமும் ஒருவரையொருவர் கிண்டல் செய்தபடி பார்த்தார்கள். கல்யாணத்துக்குக் காங்கேயத்திலிருந்து வந்திருந்த மயில்சாமி தான் வரும் இடமெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏழைக் கல்யாணம், சீக்கிரம் முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் திரை ஒரு குலுங்கு குலுங்கி, அழியாமல் மிஞ்சியிருந்த பழைய படத்தின் வால் வந்தது. பட்டும் அட்டிகையும். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

நான் பதறிப்போய் நிறுத்தக் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும், ஓடட்டும்" என்றாள் சென்னம்மாள்.

ஓடி முடிகிறவரை கண் எடுக்காமல் பார்த்தாள். திரை வெறுமையானதும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் படக்காரத் தம்பி ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னுச்சே, அத மட்டும் எடுக்காம உட்டுட்டாங்க பாருங்க."