இத்தாலிக்குப் போகாதவன்

வெளிக்கிடுகிற மனிதனைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று கேட்டால் எங்கள் ஊரில் போகிற காரியம் உருப்படாது. "தூரப் பயணமோ?" என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள். இங்கே, நான் குடியேறின நாட்டில், லாங்கன்தாலில் நான் வேலை செய்கிற தொழிற்சாலையில், பனி கரைய முதலே பிடித்துவிடுவார்கள். கோப்பி மெஷினடியில் நின்றுகொண்டு, "ஃபேரியனுக்கு எங்கே?" என்று. ஃபேரியன் என்றால் விடுமுறை. கோடை விடுமுறைக்குக் குளிர்காலத்திலேயே எழுதிக் கொடுக்கிற நாடு இது. கேட்காமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி காதில் விழுந்தால் எனக்கு முதுகு ஒருமுறை கூசும். "வீட்டில்தான்" என்பேன். பாவம் என்று பார்ப்பார்கள்.

இந்த வருஷம் அப்படித் தப்ப வழியில்லை. மகள் அபி லோசானில் படிப்பை முடித்துவிட்டாள். புரட்டாதியில் அங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை, அங்கேயே வீடு. "அதுக்கு முதல் நாலு நாள் மூண்டு பேரும் எங்கையாவது போவம் அப்பா. ஆனா பிளேன் வேண்டாம்" என்றாள். பிளேனில் ஏறுவது இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது வெட்கமான காரியம், பூமி சூடாகுதாம். பிளேனில் ஏறக் காணியை விற்ற சனம் நாங்கள் என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். காரில் போவதென்றால் எனக்கும் சந்தோஷம்தான். பாரிஸில் மனைவியின் தங்கச்சி இருக்கிறாள், போய் நாலு நாள் நின்றுவிட்டு வரலாம் என்றேன்.

"எங்கட ஃபேரியன் எண்டால் சித்தி வீட்டு நிலத்தில பாய் போட்டுப் படுக்கிறதுதானே. இந்த முறை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடம். இத்தாலியில, கோமோ. ஏரிக்கரை. காரில மூண்டரை மணித்தியாலம்" என்றாள் அபி.

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். கோதார்ட் சுரங்கத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டும் என்றேன். கார் கிழடு என்றேன். கடைசியில், "மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாது பிள்ளை" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப ஒரு கல்லை எடுத்துப் பின் சீட்டில வைப்பம். நாலாயிடும்" என்றாள். பரிகாரமெல்லாம் தாய் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

என் மனைவி சுதா குசினியிலிருந்து, "கொப்பர் இத்தாலிப் பக்கம் தலை வைச்சும் படுக்க மாட்டார். தமிழ்ச் சனமெல்லாம் மிலானோவுக்கு பஸ் பிடிச்சுப் போகேக்குள்ளையும் இவர் வரேல்லையே" என்றாள்.

அபி என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு இத்தாலியில என்ன பிரச்சினை? போயிருக்கிறீங்களோ?"

"இல்லை. நான் இத்தாலிக்குப் போகேல்லை."

கேள்வி முடிய முன்னரே பதில் வந்துவிட்டது. அவ்வளவு பழக்கம்.

அடுத்த நாள் கோப்பி மெஷினடியில் உர்ஸ் பிடித்துக்கொண்டான். என்னோடு ஒரே மெஷினில் பதினேழு வருஷம் நிற்கிறவன். கோமோ என்றதும் முகம் மலர்ந்து, "முதல் தடவையோ?" என்றான். "ஓம், முதல் தடவை." என் முகத்தில் எதைக் கண்டானோ, குரலைத் தாழ்த்தி, "சுரங்கத்துக்குப் பயமோ? வெட்கப்படாதே, என் மனைவிக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, மலைக்கு மேலால் போகிற பாதையை ஒரு பேப்பரில் கீறித் தந்தான். நல்ல மனிதன். நன்றி சொல்லி மடித்து வைத்துக்கொண்டேன். மலைக்கு மேலால் போகிற பாதையை எனக்குக் காட்டுகிறான்!

உண்மை இதுதான். ஊரைவிட்டு இங்கே களவாக வந்த வழியில், நான் கோமோவில் பதினொரு நாள் இருந்தவன். ஒரு கராஜுக்கு மேலே ஒற்றை அறையில் எட்டுப் பேர். அதில் ஒருவன் சிவநேசன். கொழும்பு லொட்ஜிலிருந்து அதுவரைக்கும் ஒரே போர்வையில் வந்தவன். எல்லை தாண்ட வேண்டிய நாளுக்கு முதல் நாள் படியில் தடக்கி அவனுக்குக் கால் பிசகிவிட்டது. கணுக்கால் மாங்காய் மாதிரி வீங்கிவிட்டது. "நடக்கக் கூடியவன் மட்டும் வா" என்றான் காசு வாங்கி எங்களை எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன். சிவநேசன் ஒரு தேவாலயத்தின் பக்கத்துத் தண்ணீர்க் குழாயடியில் காலை நனைத்துக்கொண்டு இருந்தான். "நீ போ மச்சான். நான் அடுத்த குறூப்போட வாறன்." நான் அந்தக் குழாயில் இரண்டு கை தண்ணீர் குடித்தேன். "போட்டு வாறன்" என்றேன். விடியப்புறம் மலையேறி, கம்பிவேலியின் ஓட்டைக்குள்ளால் இந்தப் பக்கம் விழுந்தேன்.

இத்தாலி என்று வாயைத் திறந்தால் இத்தாலிக்கே திருப்பிவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் பாடமாக்கி விட்டிருந்தான். மூடிய லொறி, ஒரு நாடும் தெரியாது, தனியாக வந்தேன். அகதி விண்ணப்பத்துக்கான இன்டர்வியூவில் அதையே ஒப்புவித்தேன். அது உயிருக்குச் சொன்ன பொய், அதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கம் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு வருஷத்தில் சிவநேசனின் அம்மா யாரிடமோ விலாசம் வாங்கி ஒரு கடிதம் போட்டிருந்தார். "தம்பி, என்ர பிள்ளையை வழியில எங்கையாவது கண்டனீரோ?" என்னுடைய கேஸ் அப்போது முடியவில்லை. கடிதத்தை உடைத்துப் பார்ப்பார்கள் என்று பயம். "காணேல்லை அம்மா, நான் தனியத்தான் வந்தனான்" என்று எழுதிப் போட்டேன். பெர்மிட் கிடைத்த பிறகாவது எழுதியிருக்கலாம். அந்த ஊரே இடம்பெயர்ந்துவிட்டது, விலாசம் செல்லாது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். விசாரித்துப் பார்த்தேனோ? இல்லை. அவன் எங்கே என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்போது என்னிடம் இந்த நாட்டுச் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது, என்னை யாரும் எங்கேயும் திருப்பப் போவதில்லை. ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். கட்டின மனுசிக்கும் சொல்லாத கதை இது.

ஞாயிறு மத்தியானம் அபி ஐபேட்டைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். புக் பண்ணப் போகிற அறையைக் காட்டினாள். பிறகு திரையில் வரைபடத்தின் தெருப் படத்துக்குள் இறங்கி, விரலால் தள்ளித் தள்ளி நடத்திக்கொண்டு போனாள். பேக்கரி, மருந்துக்கடை, பிறகு ஒரு தேவாலயத்தின் படிகள்.

"சேர்ச்சைச் சுத்தி வலப்பக்கம் திரும்பு. அதில ஒரு தண்ணிப் பைப் இருக்கும்" என்றேன்.

சத்தியமாக, சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அபி திருப்பினாள். இருந்தது. அதே இரும்புக் குழாய், பச்சைப் பெயின்ட் புதிது. அதனடியில் யாரும் இல்லை.

"இத்தாலிக்குப் போகேல்லை எண்டனீங்கள்?" அபி ஐபேட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். "நீங்கள் எங்களோட வர விருப்பமில்லாமல் சாட்டுச் சொல்லுறீங்கள் எண்டு ஒரு கிழமையா அழுதுகொண்டிருக்கிறன், அப்பா."

குசினியில் நின்ற சுதாவுக்கும் கேட்டுவிட்டது. அடுப்பை நிறுத்திவிட்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். நான் சொன்னேன். சிவநேசனின் பெயர் என் வீட்டில் முதல்முறையாகக் கேட்டது. அவனுடைய அம்மாவின் கடிதத்தைச் சொல்ல வந்தபோது, அதை இரண்டுதரம் தொடங்க வேண்டியிருந்தது.

அபி ஐபேட்டை நிமிர்த்தி, வரைபடத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "எந்த வழியால வந்தனீங்கள்? காட்டுங்கோ."

அரசாங்கம் கேட்ட அதே கேள்வி. இந்த முறை தெரியாது என்று சொல்லவில்லை. குழாயடியில் விரலை வைத்தேன். மருந்துக்கடை, பள்ளிக்கூடம், மலையடிவாரம் என்று மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போனேன். எல்லைக்கோடு வந்தது. திரையில் அது நூலளவு. அந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம், 'நான் தனியத்தான் வந்தனான்' என்று எழுதிக்கொடுத்த ஒருவன். விரல் கோட்டிலேயே நின்றுவிட்டது.

"தாண்டுங்கோ அப்பா" என்றாள் இந்தப் பக்கத்தில் பிறந்த என் பிள்ளை.