தம்பியின் பெட்டியைத் திறந்தவன்

அமாவாசை அன்று அம்மா தம்பிக்குப் படையல் வைப்பாள். வாழையிலையில் ரொட்டி, தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டச்சம்பல், சீனி தூக்கலாக ஒரு பிளேன்டீ. உயிரோடு இருந்தவரை சிகரெட்டுக்காக அவனைக் கரித்துக்கொட்டியவள், இப்போது தானே ஒன்று வாங்கி வந்து இலையோரம் வைக்கிறாள். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு அவளும் நானும் வெளியே உட்கார்ந்திருப்போம். திறக்கும்போது தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

"அவன் தின்னுகிட்டு இருப்பான். திடுதிப்புன்னு போயி நிக்காத" என்பாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கணினியோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவள் நான். ஆனாலும் தட்டுவேன்.

தம்பி சீகிரியாவில் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஆட்டோ ஓட்டினான். அம்மாவோடு சண்டை போட்டு, சாப்பிடாமல் கிளம்பிய ஒரு மழைநாளில் விபத்தில் போய்ச் சேர்ந்தான். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்பதுதான் அம்மா அவனிடம் கடைசியாகச் சொன்னது. பிறகு நாங்கள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

உக்குவளையில் ரயில் பாதையோரம் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் ஆபீஸ். இணையத்தில் தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய்வர ஒரு வலையமைப்பு உண்டு. ஊர்பேர் தெரியாத பலர் தங்கள் கணினிகளை அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். ரிலே என்று சொல்வோம். நாம் அனுப்புவது ரிலேக்கு ரிலே கைமாறிப் போகும். அனுப்பியவர் யாரென்று கடைசி ரிலேக்குத் தெரியாது. ஆனால் குறியாக்கிப் பூட்டாமல் அனுப்பினால் உள்ளே இருப்பதை அது படிக்கலாம். கள்ளன் அங்கேதான் உட்காருவான். ஒவ்வொரு ரிலேயும் ஒழுங்காக ஓடுகிறதா, வருவதை வழியில் மாற்றுகிறதா, ஒட்டுக் கேட்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

ஒட்டுக் கேட்பவனுக்குத் தூண்டில் போடுவோம். ஒவ்வொரு ரிலேக்கும் ஒரு பொய் மின்னஞ்சல் பெட்டி, அதற்கென்று ஒரு கடவுச்சொல். அந்தச் சொல்லை அந்த ரிலே வழியாக மட்டும் பூட்டாமல் அனுப்புவேன். பிறகு அதே சொல்லைப் போட்டு வேறு எவனாவது பெட்டியைத் திறந்தால், அந்த ரிலே கள்ள ரிலே.

பெட்டி காலியாக இருந்தால் கள்ளனுக்குச் சந்தேகம் வரும். விளம்பரக் குப்பைகளைப் போட்டு நிரப்பு என்பது விதி. எனக்கு அது ஒப்பவில்லை. வருகிறவன் யாராக இருந்தாலும், சாத்திய கதவுக்குப் பின்னால் ஒன்றை வைப்பதென்றால் பிடித்ததை வைத்துத்தான் எனக்குப் பழக்கம். ஒரு பெட்டியைத் தம்பி பெயரில் திறந்து அவனுக்குக் கடிதங்கள் எழுதிப் போட்டேன். கூரை ஒழுகுவதை எழுதினேன். அவனுடைய ஆட்டோவை வாங்கியவன் அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கெடுத்து வைத்திருப்பதை எழுதினேன்.

ஒரு காலை, அம்மா வாசல் கூட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தேநீரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். படிக்காத கடிதங்கள் தடித்த எழுத்தில் இருக்கும். முதல் கடிதம் மெலிந்திருந்தது.

எவனோ திறந்து படித்திருக்கிறான். வழக்கமாகக் கள்ளர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போவார்கள். இவன் ஒன்றைப் படித்துவிட்டுப் போனான். மறுநாள் அடுத்தது. மஞ்சள் ஆட்டோக் கடிதத்தை இரண்டு முறை திறந்திருந்தான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்கள். இங்கே திருடன் சுகமாகப் படித்துக்கொண்டிருந்தான், கொட்டு வாங்கியது நான். யாரிடம் போய்ச் சொல்வது? அந்த ரிலேயின் மேல் முறைப்பாடு எழுதிக் கொடுத்தால் வலையமைப்பு உடனே அதை ஒதுக்கிவிடும். அதோடு அவன் வரவும் நின்றுவிடும். நிற்கக்கூடாது என்று எனக்கு இருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்னடி, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

சொன்னேன். ரிலே, தூண்டில் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"படிக்கிறானா?"

"யாரோ களவாணிப் பயம்மா. மெசினாக்கூட இருக்கலாம்."

"யாரு தொறந்தா என்ன. அவன் பேருல இருக்குல்ல." சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தாள். "அம்மாவுக்குக் கோவம் இல்லன்னு எழுது. அன்னைக்கி வாய் தவறிப் போச்சுன்னு எழுது. வாசல் தொறந்துதான் கெடக்குன்னு எழுது."

அவள் சொன்னது சொன்னபடியே எழுதிப் போட்டேன்.

மறுநாள் காலையில் அந்தக் கடிதம் தடித்த எழுத்திலேயே இருந்தது. ரிலே மட்டும் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. புருஷனுக்குத் தெரியாமல் உதவி கேட்கிற ஒருத்தி அந்த நேரம் அதன் வழியே போய்க்கொண்டிருக்கலாம். முதலாளியின் அநியாயத்தை எழுதுகிற ஒருவன் போய்க்கொண்டிருக்கலாம். அவர்கள் எழுதியதையும் இவன் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பான். அம்மாவின் கடிதத்தை அவன் திறக்கும்வரை அவர்களைக் காவு கொடுக்க எனக்கு என்ன உரிமை? முறைப்பாட்டை எழுதினேன். அனுப்பும் முன் என் கை தானாக மேசையைத் தட்டியது. பிறகு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் அந்த ரிலே வலையமைப்பில் இல்லை.

அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா கேட்டாள்.

"படிச்சானா?"

"படிச்சிட்டாம்மா."

மாவை இன்னொரு தரம் அழுத்திப் பிசைந்தாள். "தட்டிட்டுத்தானே தொறந்த?"

"தட்டிட்டுத்தாம்மா."

அன்று அவள் தட்டில் இன்னொரு ரொட்டி போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

வேலை முடிந்த பெட்டியை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நான் இன்னும் அழிக்கவில்லை. கடவுச்சொல் தெரிந்தவன் எங்கேயோ இருக்கிறான், ஒருநாள் வேறு வழியில் வரலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். தினமும் காலையில் மேசையைத் தட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன். அம்மாவின் கடிதம் இன்னும் தடித்த எழுத்தில்தான் இருக்கிறது.