எங்கள் இறக்கத்தில் உடைத்த பதினோரு பூசணிக்காய்கள்

என் மகளின் தோளெலும்பை உடைத்தது நீங்கள்தான். தெரு மேட்டில் டிராவல்ஸ் நடத்துகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். போன வருஷம் ஆயுத பூஜை அன்று உங்கள் வண்டிகளுக்குத் திருஷ்டி கழித்து நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்தீர்கள். உங்கள் வண்டிகள் பத்திரமாக ஓட வேண்டும் என்று உடைத்த காயில் என் மகளின் ஸ்கூட்டர் வழுக்கியது. தோளில் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள்.

அவள் நர்ஸ். படுத்திருப்பவர்களைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை. அதே இடத்தில் இன்னொரு முறை அடிபட்டால் கை மேலே எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை எழும்பாவிட்டால் வேலை இல்லை. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எங்கள் வீடு ஓடுவது அவள் கையால்தான்.

மைசூரில் எங்கள் தெரு நல்ல இறக்கம். கீழே வளைவு, வளைவில் ஒரு காம்பவுண்ட் சுவர். மேலே வழுக்கினால் அந்தச் சுவரில்தான் போய் முட்ட வேண்டும். அதனால் இந்த வருஷம் பூஜைக்கு முன்பே எதிர்வீட்டு டீச்சர் தன் கார் ஷெட்டில் தெருக்காரர்களைக் கூட்டினார். கன்னடக்காரர். பள்ளிப் பிள்ளைகளை மிரட்டிப் பழகிய குரல். யாரும் ரோட்டில் காய் உடைக்கக்கூடாது, கீழே காலி மனையில் ஒரு குழி வெட்டி அதில் உடைப்போம் என்று முடிவானது. நீங்களும் வந்தீர்கள். காபி குடித்தீர்கள். "ஆய்த்து, ஆய்த்து" என்று எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டீர்கள்.

பூஜை அன்று காலை எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீடாகக் கற்பூரம் எரிகிற காயைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். குழியைச் சுற்றி ஒரே கூச்சல். ஒரு காய் உடையாமல் உருண்டதற்குப் பத்து நிமிஷம் சிரித்தார்கள். அத்தனை வருஷமாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே குழியில் உடைத்தார்கள். ரோட்டில் ஒரு விதைகூட இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு மேலேயிருந்து சத்தம் கேட்டது. பதினோரு வண்டிகளை வரிசையாக நிறுத்தி, வண்டிக்கு ஒன்றாகப் பதினோரு காய்களை உங்கள் டிரைவர்கள் ரோட்டிலேயே போட்டு உடைத்தார்கள். நான் மூச்சிரைக்க மேலே ஏறி வருவதற்குள் வாழைக்கன்று கட்டிய வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டு சாமுண்டி மலைக்குக் கிளம்பிவிட்டன. ரோடு முழுக்க வெள்ளைச் சதை, குங்குமம், விதை.

மகளுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி முடியும். இரண்டேகாலுக்கு இந்த இறக்கத்தில் வருவாள். வார்டில் இருக்கும்போது போனைத் தொடமாட்டாள். தசராக் கூட்டத்துக்காக மற்ற வழிகளில் தடுப்பு வைத்திருந்தார்கள்.

மேட்டில் டீக்கடை வைத்திருப்பவர் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் ஹனூர்க்காரர். அவர்தான் முதலில் ஓடிவந்தார். "பாப்பாவை மேலயே நிறுத்தி எறக்கி உட்டுறலாமுங்க அக்கா" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை. ஒரு பைக் வந்தது, கணவன், மனைவி, நடுவில் குழந்தை. சதையில் ஏறிய பின்சக்கரம் பக்கவாட்டில் போயிற்று. அந்த ஆள் எப்படியோ காலை ஊன்றிச் சமாளித்தார். குழந்தை வீல் என்று அலறியது. டீக்கடைக்காரர் என் மகள் ஒருத்தியை நிறுத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வருகிற எல்லோரையும் யார் நிறுத்துவது? சுத்தம் செய்துதான் ஆக வேண்டும்.

தெருவே கூடிவிட்டது. ஆனால் ஒருவரும் குனியவில்லை. அடுத்தவன் திருஷ்டி சுற்றிப் போட்ட காய். தங்கள் வீட்டுக் காயைச் சந்தோஷமாகத் தூக்கி வந்தவர்கள் இதைத் தாண்டுவதற்கே பயந்தார்கள். டீக்கடைக்காரரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தொட்டா நமக்கு ஒட்டிக்குமுங்க அக்கா" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என் பொண்ணு போன வருஷமே இதுமேல விழுந்து பொரண்டு எந்திரிச்சவ. ஒட்டறதெல்லாம் எங்க வீட்டுக்கு ஒட்டியாச்சு. இனிமே புதுசா என்ன ஒட்டும்? நான் அள்றேன், நீங்க நின்னு வேடிக்கை பாருங்க."

மாவு டப்பா மூடியை எடுத்து அள்ள ஆரம்பித்தேன். இரண்டு மூடி அள்ளியிருப்பேன். டீக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். "அப்ப பாதி எனக்கு ஒட்டட்டுமுங்க." அவ்வளவுதான், தெரு இறங்கிவிட்டது. தட்டு, அட்டை, காலண்டர், கையில் கிடைத்ததால் வழித்தார்கள். துடைப்பமும் மண்வெட்டியும் மட்டும் யார் கையிலும் இல்லை. எல்லாம் வீட்டுக்குள் குங்குமம் வைத்துப் பூஜையில் இருந்தன. அன்று அவற்றைத் தொடமாட்டார்கள்.

அங்கேதான் தப்புச் செய்தோம். காய்த் துண்டுகள் போய் வழவழப்பு மிச்சமிருந்தது. துடைப்பம் இல்லை, தண்ணீர் இருக்கிறதே என்று யாரோ ஒரு வாளி ஊற்றினார்கள். உடனே பத்து வாளி வந்தது. நானும் ஊற்றினேன். குங்குமமும் காய்ச்சாறும் கரைந்து வளைவுவரை ஓடின. மேலே கொஞ்ச இடத்தில் இருந்த வழுக்கல் இறக்கம் முழுவதும் ஆகிவிட்டது. நானே கால் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் நான்கு வீடு தாண்டிப் போய் நின்றேன். ஒரு நிமிஷம் எல்லோரும் பயந்து பார்த்தார்கள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தார்கள். டீச்சர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தார். இரண்டு அடித்து ஐந்து நிமிஷம்.

வீட்டில் உளுந்து வந்த சாக்குகள் கிடந்தன. அத்தனையையும் இழுத்து வந்து போட்டேன். ஆளுக்கு ஒரு சாக்கின்மேல் ஏறி நின்று, காலால் தேய்த்தபடி வரிசையாக இறங்கினோம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம். கீழே போனதும் சாக்கைப் பிழிந்துவிட்டு மறுபடி ஏறினோம். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம் மாதிரி டீச்சர் மேலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். என் இடுப்பு வலித்தது, ஆனாலும் எனக்குப் பறப்பது போல இருந்தது. கடைசியில் வளைவில் மட்டும் ஒரு பட்டை ஈரம் போகவே இல்லை. நான் வீட்டுக்குள் ஓடி, பூஜையில் இருந்த துடைப்பத்தைக் குங்குமத்தோடு எடுத்து வந்தேன். சாமுண்டித் தாயே, கோபம் இருந்தால் அப்புறம் என்மேல் காட்டு என்று சொல்லிக்கொண்டு தேய்த்தேன். டீச்சர் தன் வீட்டுத் துடைப்பத்தை எடுத்து வந்தார். பின்னாலேயே இன்னும் நான்கு.

மகள் வந்தாள். மேட்டில் டீக்கடைக்காரர் இரண்டு கையையும் விரித்து நிறுத்தினார். அவள் இறக்கத்தைப் பார்த்தாள். ரோட்டோரம் தெருவே துடைப்பமும் சாக்குமாக, முழங்கால் வரை சிவந்து நின்றது. தோளை ஒரு கையால் தடவிக்கொண்டாள். மெல்ல இறங்கினாள். வளைவில் சக்கரம் ஒழுங்காகத் திரும்பியது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னம்மா இது, யாரையாவது கொலை பண்ணிட்டீங்களா எல்லாரும் சேர்ந்து?" தெரு கைதட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான்கு மணிக்கு நீங்கள் மலையிலிருந்து வந்தீர்கள். வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிக் கேட்டீர்கள்: "பூஜைக் காயை யாரு எடுத்தது? என் டிரைவருங்களுக்கு ஏதாவது ஆனா நீங்க ஜவாப்தாரியா?" டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள்.

நவம்பர் ஒன்று, கன்னட ராஜ்யோத்சவத்துக்குக் கொடியேற்ற வளைவில் எல்லோரும் கூடுவோம். மைக் இருக்கும். அந்தப் பைக்கில் வந்த குடும்பத்தைத் தேடிப்பிடித்து அழைத்திருக்கிறோம், வருகிறோம் என்றார்கள். அவர்களுக்கு முன்னால், என் மகளுக்கு முன்னால், அன்று சாக்கின்மேல் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டு ஏன் ரோட்டில் உடைத்தீர்கள்? அந்தக் குழந்தை விழுந்திருந்தால் ஜவாப்தாரி யார்?