பாறைக்குழியைத் தாண்டி ஒரு பந்து

முதல்லயே சொல்லிப்போடறேன், கோல்ஃப் தெரிஞ்சு நான் அந்த வேலைக்குப் போகல. தொண்ணூறுகள்ல கோயமுத்தூர் சுத்துவட்டாரத்துல மண் வேலை கான்ட்ராக்ட் எடுத்துட்டிருந்தேன். மில்லுக்குக் குடோன் தரை, சைட்டு பிரிக்கறது, கோழிப்பண்ணைக்கு மட்டம் எடுக்கறது, இதுதான் என்ர பொழப்பு. அதுவரைக்கும் நான் செஞ்ச வேலை எல்லாமே தட்டை. எவ்வளவு தட்டையோ அவ்வளவு நல்ல பேரு. அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, ஊருக்குத் தெக்கால முள்ளுக்காடாக் கெடந்த பூமியில சாம்பியன்ஷிப் நடத்தற மாதிரி ஒரு கோல்ஃப் மைதானம் வேணும்னு ஒரு கிளப்புக்காரங்க சொன்னாங்க.

டிசைன் போட வந்தவர் வெளி மாநிலத்துக்காரர். என்ர லெவல் மிசினைப் பாத்ததும், தயவு செஞ்சு எங்கயும் மட்டம் பண்ணிராதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. ஆனா ரெண்டே மாசத்துல அவரோட பைத்தியம் எனக்கும் புடிச்சுக்கிச்சு. மொத்தம் பதினெட்டு ஹோல். ஒவ்வொண்ணும், அடிக்க ஆரம்பிக்கற மேட்டுல இருந்து, பந்து கடைசியா விழ வேண்டிய கப் இருக்கற கிரீன்ங்கற புல்தரை வரைக்கும் ஒரு நீளம். அந்த நீளத்துக்குள்ள ஆட வர்ற ஆளுக்கு ஒரு ஆசையும் காட்டணும், ஒரு பயமும் காட்டணும். நேராப் போனா லாபம், ஆனா வம்பு. சுத்திப் போனா பத்திரம், ஆனா ஒரு அடி கூட ஆகும். எதுன்னு அவனே முடிவு பண்ணிட்டு அவனே திட்டிக்கணும். இவ்வளவுதான் டிசைன்.

பதினாலாவது ஹோலுக்கு வரைபடம் போடறதுக்குள்ள அவருக்கு வேற ஊர்ல அவசர வேலை வந்துருச்சு. அதை நீங்களே போடுங்க, முடிஞ்சதும் வந்து பாக்கறேன்னு பஸ் ஏறிட்டாரு. ஊட்டுக்கு வந்து சோறு எறங்கல எனக்கு. பயம்னு நெனைக்காதீங்க, சந்தோசம்.

அந்த எடத்துல ஒரு பழைய பாறைக்குழி இருந்துச்சு. எப்பவோ கல்லு ஒடைச்சு எடுத்துட்டு விட்டது, ரெண்டாள் ஆழம். எங்க பக்கத்துல பள்ளத்தைப் பாத்தா யாருக்கும் கை சும்மா இருக்காது, மண்ணைக் கொட்டி நெரவிப்போடுவாங்க. நான் ஒரு வாரம் அதைச் சுத்திச் சுத்தி வந்தேன். கடைசியில நெரவாம விட்டேன். என்ர தொழில்ல நான் காட்டின மொத தைரியம் அதுதான்.

மேட்டுல நின்னா எடது பக்கம் குழி வாயைத் தெறந்துட்டு இருக்கும். வலது பக்கம் அகலமாப் புல்லு, கண்ணை மூடிட்டு அடிக்கலாம். ஆனா அங்கிருந்து கிரீனுக்கு அடிச்சா குறுக்கால பங்கர்னு ஒரு மணல் பள்ளம், அதைத் தாண்டினா தரை அந்தப் பக்கமாச் சரிஞ்சு ஓடும், பந்து நிக்காது. குழிக்கு மேல பறந்து எடது பக்கம் விழுந்தவனுக்கோ கிரீன் நேரா எதுக்க இருக்கும், ஏத்தம் பந்தை நிறுத்திக் குடுக்கும். சின்ன வயசுல மஞ்சக்காட்டுக்குத் தண்ணி பாச்சினவன் நான். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு மனசுல விட்டுப் பாத்துத்தான் அந்தச் சரிவை வெட்டினேன். ஆடியில பாலக்காட்டுக் காத்து முதுகுல தள்ளும், அன்னிக்குத் தைரியமாத் தாண்டலாம். மத்த நாள்ல யோசிக்கோணும். நாலு அடியில முடிச்சா அது பார், அதாவது தப்பில்லாம ஆடினா வர வேண்டிய எண்ணிக்கை.

டிசைன்காரர் வந்து பாத்தாரு. மூணு பந்து அடிச்சாரு, மூணும் குழிக்குள்ள. அப்புறம் என்ர கையைப் புடிச்சு விடாமக் குலுக்கினாரு. அன்னிக்கு நான் உக்கடம் வரைக்கும் ஸ்கூட்டர்ல பாடிட்டே போனேன்.

வேலை முடியறதுக்குள்ள நானும் ஆடக் கத்துக்கிட்டு மெம்பராவே ஆயிட்டேன். மத்த மெம்பருங்க வந்தப்புறம்தான் சங்கடம். மில்லுக்காரங்க, டாக்டருங்க, பம்புசெட்டு பண்றவங்க, எல்லாரும் அந்தக் குழிக்குப் பந்து குடுத்தாங்க. அதுல மைதானக் கமிட்டித் தலைவருக்குத்தான் ரொம்பக் கோவம். இரும்பு வார்க்கற பவுண்டரி வெச்சிருந்தாரு, அதனால பவுண்டரி அண்ணன். பெரிய ஆள், அதுக்குத் தகுந்த கொரல். "ஏனுங் தம்பி, நெரவறதுக்கு மண்ணு பத்தலைன்னா என்கிட்டக் கேட்டிருக்கலாமுங்களே. பவுண்டரியில வார்த்துக் கழிச்ச கருமணலு மலையாட்டம் கெடக்குது" அப்படீன்னாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

மொத சாம்பியன்ஷிப்புக்கு முன்னால என்னையும் கூப்பிட்டு வெச்சுக் கமிட்டி கூடுச்சு. நல்லா ஆடறவன் நாலு போடலாம்னு நான் சொல்ல, ஒருத்தனாலயும் முடியாதுன்னு அவரு சொல்ல, பேச்சு முத்திப்போச்சு. கடைசியில ஒரு முடிவு: போட்டி நடக்கற ரெண்டு நாள்ல, குழியைத் தாண்டி ஒரே ஒருத்தர் நாலு போட்டாலும் அது அப்படியே இருக்கட்டும். இல்லீன்னா திங்கக்கெழமை கருமணலோட லாரி வரும். நானும் வீறாப்புல சரிங்கணான்னு சொல்லிப்போட்டேன்.

இங்க எங்காளுங்க பழக்கம் ஒண்ணைச் சொல்லியாகணும். ஞாயித்துக்கெழமை ஆட்டத்துல, கப்புக்கு ஒரு சாண்ல பந்து நின்னா, எதிராளி "எடுத்துக்குங்க"ன்னு சொல்லிருவாரு. அடிச்சதாவே வெச்சுக்கறது. ரெண்டு பேர் மோதற ஆட்டத்துல அதுக்கு விதியே எடம் குடுக்குது. ஆனா எங்காளுங்க அதை விருந்தோம்பலாவே ஆக்கிட்டாங்க. ஊட்டுக்கு வந்த ஒறம்பரையை இன்னொரு இட்லிக்குக் குனிய வெக்கலாமுங்களா, அது மாதிரி. ஒரு சாண் ஒரு மொழமாச்சு, சில பேருக்கு ஒரு கட்டில் நீளம் கூட ஆச்சு. சாம்பியன்ஷிப்புல இது செல்லாது, மொத்த அடியையும் எண்ணற ஆட்டம், ஒவ்வொரு பந்தும் கப்புக்குள்ள விழுந்தாகணும்னு போர்டுல எழுதியே போட்டிருந்தாங்க. எல்லாரும் படிச்சோம். எல்லாரும் தலையாட்டினோம்.

மொத நாள் என்ர ஆட்டம் முடிஞ்சதும் பதினாலாவதுக்கு ஓடிப் போய் நின்னுட்டேன். முக்காவாசிப் பேர் வலது பக்கம் போய் அஞ்சு போட்டாங்க. தாண்டப் பாத்தவங்க குழிக்குள்ள எறங்கிப் பந்தைத் தேடினாங்க. ஒரே ஒரு டாக்டர் தாண்டினாரு. தாண்டின குஷியில அடுத்த அடியை கிரீனையும் தாண்டி அடிச்சுட்டாரு.

ரெண்டாம் நாள் கடைசி ஜோடி நாங்க, நானும் பவுண்டரி அண்ணனும். அவரோட எண்ணிக்கையை நான் எழுதோணும், என்னோடதை அவரு. பதினாலாவது மேட்டுக்கு வர்றப்ப ஒருத்தரும் நாலு போடலைன்னு சேதி வந்துருச்சு. காத்து பேயாட்டம் முதுகுல தள்ளுச்சு. காந்திபுரத்துல புதுசா வாங்கின என்ர தொப்பி பறந்து போச்சு. மொதல்ல நான் அடிச்சேன். நான் வெட்டின மேட்டுல இருந்து, நான் விட்டு வெச்ச குழிக்குள்ள, டொக்குனு.

அண்ணன் வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சாரு. சிரிச்சுட்டே எப்பவும் போல வலது பக்கம் பாத்து நின்னாரு. பின்ன என்ன நெனைச்சாரோ, காலை மாத்தி எடது பக்கம் திரும்பினாரு. "என்னமோ தோணுதுங்க தம்பி. ஒருக்கா உட்டுப் பாக்கறேன்."

பந்து போன ஒசரத்தை நான் இன்னிக்கும் காட்டுவேன். காத்து அதைத் தூக்கிட்டே போச்சு, குழிக்கு மேல, அந்தக் கரைக்கு மேல, பொத்துனு புல்லுல. நாங்க ரெண்டு பேரும் ஓடினோம். அம்பது வயசு ஆள், வேட்டி கட்டிப் பழகின காலு, பேண்டை ஒரு கையில புடிச்சுட்டு ஓடறாரு. என்ர பந்து எங்கன்னு கூட நான் பாக்கல. அங்க நின்னு பாத்தா கிரீன் நேரா எதுக்க. "அடேங்கப்பா, இங்கிருந்து பாத்தா என்ன சொகமா இருக்குதுங்க" அப்படீன்னாரு. அந்த வார்த்தைக்காகத்தான நான் அந்த மண்ணைக் கட்டினது.

ரெண்டாவது அடியில பந்து கிரீன்ல ஏறி நின்னுச்சு. மூணாவது, மெதுவா ஒரு தட்டு. உருண்டு உருண்டு கப்புக்கு ஒரு சாண்ல நின்னுச்சு. இன்னொண்ணு தொட்டா நாலு. என்ர ஹோல் பொழைச்சுக்கிச்சு. எனக்குத் தலைகால் புரியல. அவரைக் கட்டிப் புடிச்சுக்கலாமான்னு இருந்துச்சு. அந்தச் சந்தோசத்துல, அந்த மரியாதையில, என்ர வாய் தானாத் தெறந்துச்சு.

"எடுத்துக்குங்கணா."

அவரும் "சரிங்க தம்பி"ன்னு குனிஞ்சு எடுத்துப்போட்டாரு.

கிரீன் ஓரத்துல விதி பாக்க நின்னுட்டிருந்த ரிடையர்டு ராணுவக்காரர் குடையை மடக்கினாரு. "பந்தை இருந்த எடத்துல வெச்சு அடிங்க. எடுத்ததுக்கு ஒரு அடி தண்டம். அஞ்சு."

என்ர வாயாலயே என்ர ஹோலுக்குக் குழி தோண்டிட்டேன். அண்ணன் உள்ளங்கையில இருந்த பந்தை ரொம்ப நேரம் பாத்தாரு. கீழ வெச்சாரு, தட்டினாரு, விழுந்துச்சு. மிச்சம் நாலு ஹோலும் எனக்குப் பத்தடி முன்னாலயே நடந்தாரு.

சாயங்காலம் டீ குடிச்சுட்டே கமிட்டி உக்காந்துச்சு. பதினாலாவதுல யாரும் நாலு போடல, பேசின படி நாளைக்கு லாரி வரலாமுங்களான்னு செக்ரட்டரி கேட்டாரு. நான் எந்திரிச்சு, வரட்டுமுங்கன்னேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. பெரிய மனுசன், மண்ணுக்குப் போய் அழறேன்.

பவுண்டரி அண்ணன் டம்ளரைக் கீழ வெச்சாரு. "லாரியெல்லாம் வேண்டாமுங்க."

"ஏனுங்கணா, நீங்கதான மூடோணும்னீங்க?" செக்ரட்டரி கேட்டாரு.

"அப்பச் சொன்னேன். இப்ப நான் நாலு போடாம வந்திருக்கறேன், ஒரு சாண்ல விட்டுட்டு. குழியை மூடிப்போட்டா அந்த நாலை நான் எங்க போய்ப் போடறதுங்க? நான் போடற வரைக்கும் ஒருத்தரும் ஒரு கூடை மண்ணு கொட்டப்படாது." அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. "தம்பி, நாளைக்கு விடிஞ்சதும் வாரேன். நீங்களும் வரோணும். ஆனா கிரீனுக்கு வந்தா நீங்க வாயே தெறக்கப்படாதுங்க."

தலையை மட்டும் ஆட்டினேன்.